மாதுளைக்குப் பெரணிச் சாறு தெளிக்கலாமா?

கேள்வி: புனே மாவட்டம் இந்தாபூர் பக்கம் பகவா மாதுளை வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் காயில் எண்ணெய் பட்டதுபோல் புள்ளி விழுந்து, பிறகு வெடித்துவிடுகிறது. இங்கே 'தேல்யா' என்கிறார்கள். முடவாட்டுக்கால் போன்ற மூலிகைப் பெரணிகளின் சாறு பாக்டீரியாவைக் கொல்லும் என்று படித்தேன். ஸ்ட்ரெப்டோசைக்ளின் ஆண்டிபயாடிக்குக்குப் பதிலாக அதைத் தெளிக்கலாமா?
— வாசகர், இந்தாபூர்

பதில்: அதை மட்டும் நம்பி இந்த ஆண்டு விளைச்சலை விட்டுவிடாதீர்கள். முடவாட்டுக்கால் கிழங்கிலும் மயில்சிகைப் பெரணியின் இலையிலும் பாக்டீரியாவை அடக்கக்கூடிய ஃபீனால் சேர்மங்களும் ஃபிளேவனாய்டுகளும் இருப்பது உண்மை. ஆய்வகத்தில் அகார் தட்டில் கிருமியைப் பரப்பி, சாற்றில் நனைத்த சிறு காகித வில்லையை அதன்மேல் வைப்பார்கள். ஓரிரு நாளில் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் தெரிந்தால் சாற்றுக்கு வீரியம் உண்டு என்று கொள்வார்கள். நீங்கள் படித்தது போன்ற செய்திகள் பெரும்பாலும் அந்த வளையத்தை வைத்தே எழுதப்படுகின்றன. ஆனால் சோதனைக்கான சாற்றைப் பல நேரம் மெத்தனால் போன்ற கரைப்பானில் எடுக்கிறார்கள்; வீட்டில் தண்ணீரில் கொதிக்கவைத்தால் அதே சேர்மங்கள் அதே அளவில் இறங்குவதில்லை. மேலும், தட்டில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. தேல்யாவை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் கிருமி மழைத்துளியின் தெறிப்பில் பரவி, இலைத்துளை வழியாகவும் காயங்கள் வழியாகவும் உள்ளே புகுந்துவிடும். உள்ளே போன கிருமியை மேலே தெளித்த சாறு எட்டுவது கடினம். ஒரு நல்ல மழை பெய்தால் சாறே கழுவிப் போய்விடும்.

அப்படியானால் ஆண்டிபயாடிக்கையே தொடரலாமே என்று கேட்பீர்கள். ஸ்ட்ரெப்டோசைக்ளினில் இருக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் மனிதரின் காசநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து. அதைத் தோட்டத்தில் திரும்பத் திரும்பத் தெளித்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். ஸ்ட்ரெப்டோசைக்ளின் கலவையை வேளாண்மையில் தடைசெய்ய மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டதற்கு இந்த அச்சமே காரணம். ஆகவே மாற்று கட்டாயம் தேவை. பெரணி ஆய்வுகளும் தேவை. ஆனால் மூலிகை என்றால் கெடுதல் இராது என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். பிராக்கன் என்னும் பெரணியில் உள்ள டாக்விலோசைடு, அதை மேயும் மாடுகளுக்குப் புற்றுநோயையே உண்டாக்குகிறது. எந்த இனம், எந்தப் பாகம், எவ்வளவு அடர்த்தி என்று வரையறுக்காத சாற்றை உண்ணும் காயில் தெளிக்கக் கூடாது. வேம்பு இதற்கு நல்ல முன்னுதாரணம்: அசாடிராக்டின் அளவு குறிக்கப்பட்டு, 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவான பிறகே அது கடைச் சரக்கானது. அந்த வழியில் பெரணியும் வரட்டும். அதற்குள் சஹ்யாத்ரி மலையில் பெரணியை வேரோடு பிடுங்கத் தொடங்கினால் மருந்தும் மிஞ்சாது, காடும் மிஞ்சாது.

இப்போதைக்குக் கைகொடுப்பது தோட்டச் சுகாதாரம்தான். மழைக்காலக் காய்ப்பான மிருக் பஹாரை விட்டு, செப்டம்பர்–அக்டோபரில் தொடங்கும் ஹஸ்த பஹாருக்கு மாறுங்கள். நோய்ப்பட்ட கிளைகளை வெட்டி எரியுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் கத்தரிக்கோலைக் கிருமிநாசினியில் நனைத்து எடுங்கள். கவாத்துக்குப் பின் 1 சதவீத போர்டோ கலவை தெளியுங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் தலா 1 கிலோ. பெரணிச் சாற்றைச் சோதிக்கும் ஆர்வம் இருந்தால் சோலாப்பூரில் உள்ள தேசிய மாதுளை ஆராய்ச்சி மையத்தையோ பாராமதி வேளாண் அறிவியல் மையத்தையோ அணுகி, அவர்கள் மேற்பார்வையில் ஒரே ஒரு வரிசையில் செய்யுங்கள். பக்கத்து வரிசையைச் சாறு தெளிக்காமல் விட்டு ஒப்பிடுங்கள். உங்களைப் போன்ற விவசாயிகள் தோட்டத்தில் எடுக்கும் அந்தக் கணக்குதான் இந்த ஆய்வுக்கு இன்று மிகவும் தேவை.