போன் படிப்பிக்குமா?

நம்பிக்கை: போனும் சிக்னலும் இருந்தால் போதும், பாடம் நடந்துவிடும்.

இலங்கை இதைத் தன்னையறியாமலே சோதித்துப் பார்த்துவிட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட, வகுப்புகள் சூமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இடம் மாறின. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் இருந்தன. 2021 ஜூலை 12ஆம் திகதி, சம்பள முரண்பாட்டை முன்வைத்தும் கொத்தலாவலப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்தும் ஆசிரியர், அதிபர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. போன் இருந்தது, சிக்னல் இருந்தது, தளமும் திறந்தே கிடந்தது. பெரும்பாலான வகுப்புகள் மட்டும் நின்றுபோயின. அந்தப் போராட்டம் ஒக்டோபர் வரை நீண்டது. அது தொடங்கும்வரை வகுப்பை ஓட்டியவை பெரும்பாலும் ஆசிரியர்களின் சொந்தப் போனும், அவர்கள் தம் காசில் போட்ட டேட்டாவும்தான்.

நம்பிக்கை: ஒன்லைனில் படிப்பிப்பது வீட்டில் இருந்தபடி பார்க்கும் லேசான வேலை.

பதுளை மாவட்டத்தின் போகிட்டியாவ கிராமத்தில் சிக்னல் தேடிப் பிள்ளைகள் காட்டுவழியே நடந்து பாறை ஏறியது 2021இல் உலகச் செய்தியானது. பாடத்தைப் பதிவேற்ற அவர்களைப் போலவே ஏறியவர் ஓர் ஆசிரியை. செய்தியை வாசித்த பலருக்கு அவர் நினைவில் நின்றிருக்கமாட்டார்.

நம்பிக்கை: படுவான்கரையின் ஆசிரியர் பற்றாக்குறையை டேப்லெட் தீர்த்துவிடும்.

மட்டக்களப்பில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. வாவியின் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்கு வாவியைக் கடந்து போய்ப் படிப்பித்தவர்கள் ஏராளம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக அவர்களுக்குப் ‘பாதை’ என்று அழைக்கப்படும் படகுதான் கதி. குருமண்வெளி–மண்டூர் துறையிலும் அதே கதைதான். அப்படியென்றால் பாடத்தை மட்டும் திரைவழியே அனுப்பினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. கணித ஆசிரியரே இல்லாத பாடசாலைக்கு நகரத்து ஆசிரியர் ஒருவர் திரையில் வருவது நல்ல உதவி என்பதிலும் சந்தேகமில்லை.

ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் யார் இருப்பது? மட்டக்களப்பைப் போலவே சுனாமி தாக்கிய, தென்னிந்தியாவின் காளிக்குப்பம் என்ற தமிழ்க் கிராமத்தில் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா ஒரு பரிசோதனை செய்தார். தமிழ் பேசும் பிள்ளைகளிடம் கணினியும் ஆங்கிலத்தில் உயிரித்தொழில்நுட்பப் பாடமும் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். ஏறக்குறைய ஒன்றும் தெரியாதிருந்தவர்கள் தேர்வில் சுமார் 30 சதவீத மதிப்பெண் எட்டினார்கள். ஆசிரியர் தேவையில்லை என்போர் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் பிறகு மித்ரா அந்தப் பாடமே தெரியாத ஓர் இளம்பெண்ணைப் பிள்ளைகளோடு இருக்க வைத்தார். பின்னால் நின்று வியப்பது, “இதை எப்படிச் செய்தாய்?” என்று கேட்பது, அவ்வளவுதான் அவர் வேலை. மதிப்பெண் சுமார் 50 சதவீதத்துக்கு ஏறியது. பாடமே தெரியாதவரால் இவ்வளவு முடிந்தால், பாடமும் பிள்ளையும் தெரிந்த ஆசிரியரால் எவ்வளவு முடியும்!

படுவான்கரைப் பாடசாலைகளுக்கு டேப்லெட் வழங்க நினைப்போர், அதை வைத்துப் படிப்பிக்க ஆசிரியருக்குப் பயிற்சியையும் அவரது டேட்டாச் செலவையும் அதே பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும்.