அப்பா சபாவில், பிள்ளை லாபிஸில்

ஜொகூரில் உள்ள லாபிஸைச் சுற்றி ராணுவ முகாம்களுக்குக் குறைவில்லை. வடக்கே கிம்மாஸில் சையத் சிராஜுடின் முகாம், தெற்கே குளுவாங்கில் மக்கோத்தா முகாம், இன்னும் கீழே உலு திராமில் தரைப்படையின் போர்ப் பயிற்சி மையமான புலாடா. லாபிஸோ செம்பனைத் தோட்டமும் ரயில் நிலையமும் கடைத்தெருவுமாக இருக்கும் ஊர். இங்கிருந்து ராணுவத்துக்குப் போன ஒருவரின் பிள்ளை தன் வகுப்பில் ஒரே ராணுவப் பிள்ளையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முகாம் குடியிருப்பில் வளரும் பிள்ளைக்கு நிலைமை வேறு. பக்கத்து வீட்டு அப்பாவும் மாற்றலில் போயிருப்பார், எதிர்வீட்டு அப்பா போன மாதம் திரும்பியிருப்பார். ஆயுதப்படையினரின் துணைவியர் நடத்தும் பாக்காட் என்ற நல அமைப்பும் அருகில் இருக்கும். லாபிஸில் தாத்தா பாட்டி வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இப்படி ஒரு வட்டம் தானாக அமையாது. மாற்றல் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து அந்த வட்டத்தை ஊருக்குள்ளேயே அமைப்பதும் உங்கள் பயண ஏற்பாடுகளில் ஒன்று. (அம்மா படையில் இருக்கும் வீடும் உண்டு. அங்கே ‘அப்பா’ என்று வரும் இடங்களை ‘அம்மா’ என்று வாசித்துக்கொள்ளுங்கள்.)

முதலில் பெரிய முடிவு: குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா? மற்ற வீரர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் தமிழ் வீரருக்கு இருக்கிறது. சபா, சரவாக், திரங்கானு மூன்றிலும் ஒரு தமிழ்ப்பள்ளிகூடக் கிடையாது. கிளந்தானில் ஒன்றே ஒன்று. அந்தப் பக்கம் மாற்றல் வந்தால் பிள்ளைக்கு அப்பாவா, தமிழ்ப்பள்ளியா என்றாகிவிடுகிறது. என்னைக் கேட்டால், ஐந்தாம் ஆறாம் ஆண்டில் இருக்கும் பிள்ளையை அசைக்க வேண்டாம். நண்பர்களும் ஆசிரியர்களும் ஊன்றிப்போன வயது அது. இன்னும் முதலாம் ஆண்டுக்கே போகாத பிள்ளையென்றால் தயங்காமல் கூட்டிப் போங்கள். தமிழை வீட்டில் சொல்லிக்கொடுக்கலாம். எந்த முடிவாக இருந்தாலும் காரணத்தைப் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாத காரணத்தைப் பிள்ளை தானே கற்பனை செய்துகொள்ளும். ‘நான் சேட்டை பண்ணியதால்தான் அப்பா போய்விட்டார்’ என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு.

படையில் சேரப்போகும் தம்பிகளும் இந்தக் கணக்கை இப்போதே போட்டுப் பார்க்க வேண்டும். அதிகாரி நிலைக்குக் கீழே உள்ள வீரர்கள் ஓய்வூதியம் பெற 21 ஆண்டுகள் சேவை செய்ய வேண்டும். இருபது வயதில் சேர்ந்தால் நாற்பத்தொன்று ஆகிவிடும். உங்கள் பிள்ளையின் பள்ளிப் பருவத்தில் கணிசமான பகுதி அதற்குள்ளேயே கழிந்துவிடும்.

இனி, புறப்படும் நாள். பிள்ளை தூங்கும்போது ஓசைப்படாமல் கிளம்பிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். அழுகையைப் பார்க்கப் பெரியவர்களுக்குத்தான் தைரியம் இருப்பதில்லை. அப்படிச் செய்தால் அடுத்த பல வாரங்களுக்குப் பிள்ளை தூங்கவே பயப்படும். விழித்திருக்கும்போதே சொல்லிவிட்டுப் போங்கள், அழுதாலும் பரவாயில்லை. ‘நாளைக்கு வந்துடுவேன்’ என்ற பொய்யும் வேண்டாம். ‘தீபாவளி தாண்டித்தான் வருவேன், வந்த பிறகு நாம மட்டும் இன்னொரு தீபாவளி கொண்டாடலாம்’ என்று சொல்லிவிட்டு, வந்ததும் அதைச் செய்துகாட்டுங்கள்.

இன்னொரு வாக்கியத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்: ‘இனிமே நீதான்டா வீட்டு ஆம்பளை, அம்மாவைப் பாத்துக்க.’ பெருமையாகச் சொல்லும் சொல்தான். ஆனால் பத்து வயதுப் பையன் அதை வேத வாக்காக எடுத்துக்கொள்கிறான். இரவில் எழுந்து கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறான். அம்மாவுக்கு முன்னால் அழக்கூடாது என்று குளியலறையில் அழுகிறான். அவனுக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள். கேட்டைப் பூட்டுவது, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, அவ்வளவு போதும்.

தொலைவில் இருந்துகொண்டு பிள்ளையோடு எதைப் பேசுவது என்று தெரியாமல் ‘சாப்பிட்டியா, படிச்சியா’வோடு முடித்துவிடும் அப்பாக்கள் நிறைய. சபாவில் கடிகாரம் நம் கடிகாரம்தான், ஆனால் அங்குள்ள லஹாட் டத்துவில் லாபிஸைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே இருட்டிவிடும். ‘இங்க இருட்டிப்போச்சு, அங்க இன்னும் வெளிச்சமா இருக்கா, பாத்துச் சொல்லு’ என்று கேளுங்கள். பிள்ளை வாசலுக்கு ஓடும். போவதற்கு முன்பே பத்துக் கதைகளை உங்கள் குரலில் கைப்பேசியில் பதிவு செய்து வைப்பதும் நல்லது. காட்டுக்குள் தொடர்பு கிடைக்காத நாள்களிலும் பிள்ளை அப்பா குரலைக் கேட்டுத் தூங்கும். அமெரிக்காவில் ஒரு தொண்டு அமைப்பு 1989 முதல் இதையே பணியாகச் செய்துவருகிறது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் லாபிஸில் தங்கிவிடும் அம்மா. அமெரிக்க ராணுவக் குடும்பங்களைப் பற்றி 2009, 2010ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில், வீட்டில் இருக்கும் பெற்றோரின் மன அழுத்தம் கூடக்கூடப் பிள்ளையின் சிரமங்களும் கூடியே காணப்பட்டன. ஆகவே பிள்ளைக்கு உதவ நினைக்கும் அத்தை, மாமா, பாட்டி எல்லாரும் முதலில் அம்மா தூங்குகிறாளா என்று பாருங்கள். வாரத்தில் ஒரு மாலை பிள்ளையை உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனால் அவளுக்கு மூன்று மணி நேரம் கிடைக்கும்.

அம்மா வேலைக்குப் போகிறவர் என்றால் மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கணவர் புறப்படும் வாரமும் திரும்பும் வாரமும் இரவு ஷிஃப்டு வேண்டாம். கணவரின் அழைப்பு வந்தால் ஐந்து நிமிடம் வெளியே போய்ப் பேச அனுமதி வேண்டும். இந்த இரண்டும் போதும். முதலாளிமாரே, உங்களுக்கு இதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வகுப்பாசிரியருக்கு ஒன்று, ஆலோசக ஆசிரியருக்கு ஒரு நகல். அப்பா எப்போது போகிறார், எப்போது வரக்கூடும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், பிள்ளை வருத்தமாக இருந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பது அதில் இருக்கட்டும். ஆசிரியர்களே, ‘குடும்பத் தினம்’ என்று அப்பாவை வரச் சொல்லும்போது இந்தப் பிள்ளை உங்கள் நினைவுக்கு வர வேண்டும். தாத்தா வந்தாலும் சரி என்று முன்பே சொல்லிவிட்டால் அது நிம்மதியாகப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும்.

வெளிநாட்டுப் பணி என்றால் செய்தி ஒரு தனிப் பிரச்சினை. 2007இல் நம் வீரர்கள் லெபனானில் ஐ.நா. அமைதிப் படையில் பணியாற்றத் தொடங்கினார்கள். 2024 நவம்பரில் சைடோன் அருகே நடந்த தாக்குதலில் மலேசிய வீரர்கள் காயமடைந்த செய்தி கைப்பேசிகளில் பறந்தது. அப்படி ஒரு செய்தி வரும் நாளில் பிள்ளை அதை வகுப்புத் தோழனிடமிருந்து தெரிந்துகொள்ளக்கூடாது. அம்மா முந்திக்கொள்ள வேண்டும்: ‘இப்படி நடந்திருக்கு. அப்பாகிட்ட இருந்து தகவல் வந்ததும் உன்கிட்டதான் முதல்ல சொல்லுவேன்.’ தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள்.

படுக்கையை நனைப்பது, காலையில் வயிற்றுவலி, திடீர்க் கோபம் எல்லாம் முதல் சில வாரங்களில் வரும், போகும். ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தாலோ, பிள்ளை விளையாடுவதையே நிறுத்திவிட்டாலோ சுகாதார கிளினிக் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தேவையென்றால் அவர் நிபுணரிடம் அனுப்புவார். தொலைபேசியில் பேச சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555 இருக்கிறது. ‘தாலியான் காசே’ (Talian Kasih) உதவி எண் 15999, 24 மணி நேரமும் இயங்குகிறது. செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று பிள்ளை விளையாட்டாகச் சொன்னாலும் அன்றைக்கே பேசுங்கள். அப்பாவின் வேலைக்கு இதனால் களங்கம் வரும் என்று யாரும் மூடி மறைக்க வேண்டாம்.

கடைசியாக, திரும்பி வரும் நாள். லாபிஸ் ரயில் நிலையத்தில் இறங்கும் அப்பா, பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்ளும் என்றுதான் எதிர்பார்ப்பார். மூன்று வயதுப் பிள்ளை பாட்டியின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். பதினான்கு வயதுப் பெண் ‘வாங்கப்பா’ என்று சொல்லிவிட்டு அறைக்குப் போகலாம். மனம் உடைய வேண்டாம், பிடித்து இழுக்கவும் வேண்டாம். முதல் வாரம் வீட்டுச் சட்டங்களில் கைவைக்காமல், அம்மா அமைத்த ஒழுங்கிலேயே நீங்களும் இருங்கள். இரவு கேட்டைப் பூட்டப் பையன் எழுந்தால் சாவியை அவனிடமிருந்து வாங்காதீர்கள். கூடவே நடந்து போங்கள்.