கறவை மாட்டுக்குத் தாது உப்பு: எது உடம்பில் சேரும்?

காங்கயம், பல்லடம் வட்டாரங்களில் மேயப் போகும் மாடு சில சமயம் வேலியோரம் கிடக்கும் பனியன் வேஸ்ட் துணியையும் எலும்பையும் மென்றுகொண்டிருக்கும். பசி மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. மணிச்சத்துக் குறைவும் காரணமாகலாம். தாமிரம் குறைந்தால் கண்ணைச் சுற்றி மயிர் வெளுக்கும். சினை பிடிப்பதும் தள்ளிப் போகும்.

தாது உப்பு கொடுத்தும் குணம் தெரியவில்லை என்பவர்கள் உண்டு. மூட்டையில் இருப்பது வேறு, மாட்டின் உடம்பில் சேருவது வேறு. தாமிர ஆக்சைடில் 100-க்கு 80 பங்கு தாமிரம். மயில்துத்தத்தில் சுமார் 25 பங்குதான். ஆனால் ஆக்சைடு தூளில் உள்ளது பெரும்பாலும் சாணத்தோடு வெளியேறிவிடும். மயில்துத்தத்தில் உள்ளதே உடம்பில் நன்கு சேரும். அதற்காகக் கடையில் மயில்துத்தம் வாங்கி நேராகக் கொடுத்துவிடக் கூடாது. அளவு மீறினால் நஞ்சு. இரும்பு ஆக்சைடும் கலவைக்குச் செந்நிறம் தருமே தவிர, உடம்பில் சேருவது மிகக் குறைவு. சிவப்பாக இருப்பதே நல்ல கலவை என்று நினைத்து வாங்குவோர் ஏமாறுகிறார்கள். துத்தநாகத்தில் மட்டும் ஆக்சைடு, சல்பேட் இரண்டும் மாட்டுக்கு ஏறக்குறைய ஒன்றே.

வெறும் சுண்ணாம்புத் தூளில் மணிச்சத்து கிடையாது. டைகால்சியம் பாஸ்பேட்டில் சுண்ணாம்புச் சத்து, மணிச்சத்து இரண்டும் உண்டு.

நொய்யல் கரையோர விவசாயிகள் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். சாயமேற்றச் சாதா உப்பும் சோடியம் சல்பேட்டும் பயன்படுகின்றன. விதிகளை மீறிய சாயப்பட்டறைகளை மூட 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது; அதற்கு முன்பே கழிவுநீர் இறங்கிப் பல கிணறுகள் உப்பாகிவிட்டன. சல்பேட் மிகுந்த நீரைக் குடித்தால், மாட்டின் பெருவயிற்றில் அது சல்பைடாக மாறித் தாமிரத்தைக் கட்டிப்போடும். நல்ல கலவை கொடுத்தும் பலன் குறைவது இதனால்தான். இத்தகைய கிணற்று நீரைச் சோதித்துப் பார்த்தபின், மருத்துவர் சொன்னால், விலை கூடுதலான ‘கீலேட்’ வகைத் தாது உப்பை வாங்கலாம். நல்ல தண்ணீர் உள்ளவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை (ஐ.எஸ். 1664) இருக்கிறதா என்று பார்க்கவும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் ‘தானுவாஸ் ஸ்மார்ட்’ என்ற தாது உப்புக் கலவையைத் தயாரித்துள்ளது. கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 50 கிராம், கன்றுக்கு 20 கிராம் வீதம் தீவனத்தில் கலந்து தினமும் தர வேண்டும்.

மாட்டுக்கு வாங்கிய கலவையைச் செம்மறி ஆட்டுக்குப் போடாதீர்கள். செம்மறியின் ஈரலில் தாமிரம் சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் திடீரென்று ஆடு செத்து விழும்.