ஆளைப் பிரித்த ஒப்பந்தம்

கேள்வி: எங்கள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய குடும்பங்கள் உண்டு. அவர்களுக்காக இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தம் நல்லதுதானா?
– வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: பாதிதான் நல்லது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள்: இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கிளம்பும்வரை அல்லது 55 வயதுவரை வேலை உண்டு, சேமநல நிதியையும் பணிக்கொடையையும் கொண்டுவரலாம் என்ற பிரிவுகள் தொழிலாளியை நினைத்து எழுதியவை; அவற்றை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலர் அதுவரை இந்த மண்ணை மிதித்ததே இல்லை. கொழுந்து கிள்ளிப் பழகிய கைகள் இங்கே நூற்பாலையில் இழை முடியப் பழக வேண்டியிருந்தது. தொழிலாளியின் சம்மதம் கேட்காமல் இரண்டு அரசுகள் தலைக்கணக்குப் போட்டது அநீதிதான்.