பார்ப்பதும் ஆடுவதும்

பள்ளி விட்ட பிறகு குள்ளஞ்சாவடி கடைத்தெருவில் ஒரே கைப்பேசியைச் சுற்றி நான்கைந்து மாணவர்கள் நிற்பதை அடிக்கடி காண்கிறேன். விளையாடுகிறார்கள் என்றுதான் தோன்றும். அருகில் சென்றால், வேறொருவர் விளையாடி யூடியூபில் ஏற்றிய காணொலியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். “நீங்கள் ஆடுவதில்லையா?” என்று கேட்டதற்கு எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், “பார்த்தாலே எல்லாம் வந்துடும் சார்” என்றான். அவன் சொன்னது விளையாட்டைப் பற்றி. கணக்குப் பாடத்திலும் நம் மாணவர்கள் பலர் இதே நம்பிக்கையில்தான் இருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கையை மைக்கேல் கார்டாஸ், எட் ஓபிரையன் என்ற சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். இலக்குப் பலகையில் சிறு அம்பு எறியும் காணொலியைச் சிலருக்கு ஒரு முறையும், சிலருக்கு 20 முறையும் காட்டினர். 20 முறை பார்த்தவர்கள் தாங்கள் நன்றாக எறிவோம் என்று கூடுதலாக நம்பினர். எறிந்தபோது மற்றவர்களைவிட அவர்கள் சிறப்பாக எறியவில்லை. கட்டைகளை மேலே வீசிப் பிடிக்கும் வித்தையைப் பார்த்தவர்களிடம் அந்தக் கட்டைகளைச் சற்று நேரம் கையில் கொடுத்ததுமே மிகை நம்பிக்கை குறைந்தது.

வகுப்பறையிலும் இதுவே நடக்கிறது. கரும்பலகையில் நாம் காரணிப்படுத்தும்போது “புரியுது சார்” என்கிறார்கள். அது பொய்யில்லை, ஒவ்வொரு வரியும் புரியத்தான் செய்கிறது. பாடநூலின் விரைவுத் துலங்கல் குறியீட்டைத் திறந்து பார்க்கும் காணொலியும் அப்படியே. தேர்வில் முதல் வரிக்கு மேல் நகராதபோது, ‘எனக்குக் கணக்கு வராது’ என்று மாணவன் முடிவுகட்டிவிடுகிறான். அதுவரை ஒரு கணக்கைக்கூடத் தனியாகச் செய்து பார்க்கவில்லை என்பது அவனுக்குத் தோன்றுவதில்லை.

அதற்காகப் பார்ப்பது வீண் என்றும் சொல்ல முடியாது. ஜான் ஸ்வெல்லர், கிரஹாம் கூப்பர் இருவரும் 1985இல் வெளியிட்ட இயற்கணித ஆய்வில், தீர்த்துக் காட்டிய கணக்கைப் படித்து, உடனே அதுபோன்ற ஒன்றைச் செய்த மாணவர்கள், கணக்குகளை மட்டுமே போட்டவர்களைவிடக் குறைந்த நேரத்தில் கற்றனர். எடுத்துக்காட்டுக்கும் பயிற்சிக்கும் இடையே இடைவெளி இல்லாததே இங்கு முக்கியம்.

சதுரங்கம் பயில்வோர் பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டத்தைப் பார்க்கும்போது, அடுத்த நகர்வை மறைத்துவைத்து ஊகித்துப் பார்ப்பார்கள். பார்வையாளர் அங்கே பாதி ஆட்டக்காரர் ஆகிவிடுகிறார். இதையொட்டி என் வகுப்பில் செய்து வருபவை:

1. எடுத்துக்காட்டின் நடுவில் நிறுத்தி, அடுத்த வரியை அனைவரையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்வேன். பிறகே கரும்பலகையில் எழுதுவேன்.

2. ஒரு எடுத்துக்காட்டு முடிந்ததும், எண்களை மட்டும் மாற்றி ஒரு கணக்கு தருவேன். ஐந்து நிமிடம் போதும்.

3. அடுத்த கணக்கில் கடைசி வரியையும், அதற்கடுத்ததில் கடைசி இரு வரிகளையும் விட்டுவிட்டு நிரப்பச் சொல்வேன். மெல்லக் கற்போருக்கு இது பெரிதும் துணைசெய்கிறது.

4. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் காணொலி காட்டும்போதும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துவேன்.

பாட வேகம் சற்றுக் குறையும்; ஆனால் யாருக்கு எந்த வரியில் தடை என்பது தேர்வுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. “புரிந்ததா?” என்று கேட்கும் இடத்தில் “அடுத்த வரி என்ன?” என்று கேட்டுப் பாருங்கள்.