பிரிண்ட் கொடுத்தால் கம்ப்யூட்டர் ஏன் உறைந்து நிற்கிறது?

கேள்வி: தாலுகா ஆபீஸ் எதிரில் சின்னதாக ஜெராக்ஸ், டி.டி.பி. கடை நடத்துகிறேன். ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் போட்டோ, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாம் செய்கிறோம். கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி இருக்கிறது. கலருக்கு இங்க் டேங்க் பிரிண்டர், யுஎஸ்பி கேபிளில். கறுப்பு வெள்ளைக்கு லேசர் பிரிண்டர், வைஃபையில். சில மாதங்களாக சிஸ்டம் அடிக்கடி ஹேங் ஆகிறது. வேர்டைத் திறந்தாலே வெள்ளையாக நிற்கிறது. காலையில் லேசர் பிரிண்டரை ஆன் செய்வதற்கு முன் ரொம்ப மோசம். பேஜ்மேக்கரில் பிரிண்ட் கொடுத்தால் மவுஸ் நகரும், ஆனால் எதைத் தொட்டாலும் பதில் இல்லை. சர்வீஸ் தம்பி ஃபார்மட் போட்டுக் கொடுத்தார். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிரிண்டர் சிடிக்களை எல்லாம் போட்ட பிறகு மறுபடி அதே கதை. இப்போது மதர்போர்டு போயிருக்கும், புதுசு வாங்குங்கள் என்கிறார். விண்ணப்பத்தின் கடைசி நாளில் வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: புதுசு வாங்க வேண்டாம் சகோதரி. மறுபடி ஃபார்மட்டும் வேண்டாம். நோய் எங்கே இருக்கிறது என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. ஃபார்மட் ஆனதும் நன்றாக ஓடிய மிஷின், பிரிண்டர் சிடி போட்ட பிறகு படுத்தது. லேசர் பிரிண்டர் அணைந்திருக்கும்போது தொந்தரவு அதிகம். மவுஸ் அம்புக்குறி நகர்கிறது. மதர்போர்டு கெட்டிருந்தால் அது பிரிண்டர் ஆன் ஆவதைப் பார்த்துக்கொண்டிருக்காது, நேரங்காலம் இல்லாமல் படுத்தும்.

அடுத்த முறை ஹேங் ஆகும்போது கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, ஏதோ ஒரு புரோகிராம்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. விளக்கும் அசையவில்லை, மவுஸும் அசையவில்லை என்றால் அது வேறு நோய். அப்போது ரேம், டிஸ்க், சூடு, பவர் சப்ளை என்று பார்க்க வேண்டும். உங்களுடையது முதல் வகை.

ஒரு புரோகிராமின் ஜன்னல் 5 விநாடிக்கு எந்தப் பதிலும் தராவிட்டால் விண்டோஸ் அதன் தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதி, ஜன்னலை வெளுக்க வைத்துவிடும். அந்தப் புரோகிராம் செத்துப்போனதாக அர்த்தம் இல்லை. பெரும்பாலும் அது வேறு எதன் பதிலுக்கோ காத்திருக்கிறது. உங்கள் கடைக்கு எதிரில் இருக்கும் ஆபீஸிலேயே பார்த்திருப்பீர்கள். கவுண்டரில் இருப்பவர் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். உள்ளறையிலிருந்து கையெழுத்து வராததால் அவர் காத்திருப்பார், அவருக்குப் பின்னால் வரிசை நீளும். கம்ப்யூட்டரிலும் உள்ளறையில் யார் தாமதிக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே வேலை.

முதலில் வேர்டைப் பார்ப்போம். பிரிண்டே கொடுக்காதபோது அது ஏன் நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். வேர்டும் எக்செல்லும் பக்கத்தை அடுக்குவதற்காக டிஃபால்ட் பிரிண்டரின் டிரைவரிடம் விவரம் கேட்கின்றன: தாள் அளவு என்ன, ஓரத்தில் எவ்வளவு இடம் அச்சாகாது என்றெல்லாம். அந்த டிஃபால்ட் பிரிண்டர் வைஃபையில் இருந்து, அணைந்தும் கிடந்தால், பதில் வராத இடத்தில் கேள்வி கேட்டுவிட்டு வேர்டு நிற்கும். பிரிண்டர் ஆன் ஆகியிருந்தாலும் சிக்கல் வரலாம். மின்சாரம் போய் வந்தபின் ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு ஐபி எண் கொடுத்திருக்கும். கம்ப்யூட்டர் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும்.

சோதிப்பது சுலபம். செட்டிங்ஸில் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பகுதிக்குப் போய், 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்' என்பதை அணையுங்கள். அது ஆன் ஆகியிருக்கும் வரை நீங்கள் கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே விண்டோஸ் டிஃபால்ட்டாக மாற்றிக்கொண்டிருக்கும். இரண்டு பிரிண்டர் வைத்திருக்கும் கடையில் இது தலைவலி. 2015 நவம்பரில் விண்டோஸ் 10-க்கு வந்த அப்டேட்டிலிருந்து இந்த வசதி இருக்கிறது. அதை அணைத்துவிட்டு 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதை டிஃபால்ட்டாக வையுங்கள். அதற்குக் கேபிளும் இல்லை, வைஃபையும் இல்லை. காலையில் லேசர் பிரிண்டரை ஆன் செய்யாமலே வேர்டைத் திறந்து பாருங்கள். சட்டென்று திறந்தால் பாதி வழக்கு முடிந்தது. அதையே டிஃபால்ட்டாக விட்டுவிடலாம். பிரிண்ட் கொடுக்கும்போது வேண்டிய பிரிண்டரை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிக் கூடும், அவ்வளவுதான்.

லேசர் பிரிண்டருக்கு நிரந்தர வைத்தியமும் செய்துவிடுங்கள். பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் 'போர்ட்ஸ்' பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி என்று தொடங்கும் ஒரு போர்ட்டில் டிக் இருக்கும். பிரிண்டரைத் தானாகத் தேடிப் பிடிக்கும் முறை அது. கடை மாதிரி நாள் முழுக்க வேலை நடக்கும் இடத்துக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை. 'ஆட் போர்ட்' கொடுத்து 'ஸ்டாண்டர்டு டிசிபி ஐபி போர்ட்' உருவாக்கி, பிரிண்டரின் ஐபி எண்ணைக் கொடுங்கள். அந்த எண் மாறாமலிருக்க ரவுட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் அதைப் பிரிண்டருக்கே ஒதுக்கிவிட வேண்டும். பிரிண்டர் ஆன் ஆகியிருந்தும் 'ஆஃப்லைன்' என்று காட்டினால், அந்தப் போர்ட்டின் அமைப்பில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். சர்வீஸ் தம்பிக்கு இது சின்ன வேலைதான். அவரிடம் ஃபார்மட்டுக்குப் பதிலாக இதைக் கேளுங்கள்.

இனி அந்த சிடி. பிரிண்டர் ஓட டிரைவர் ஒன்று போதும். ஆனால் 'இன்ஸ்டால்' பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் டிரைவரோடு ஒரு பரிவாரமே இறங்குகிறது. இங்க் அளவைச் சொல்ல ஒன்று, ஸ்கேன் பொத்தானுக்குக் காவலாக ஒன்று, அப்டேட் தேட ஒன்று, நீங்கள் எவ்வளவு அச்சடிக்கிறீர்கள் என்று கம்பெனிக்குச் சொல்ல ஒன்று, போட்டோ ஆல்பம் செய்ய ஒன்று. இவற்றில் பல, கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானே எழுந்து, பிரிண்டரிடம் 'இருக்கிறாயா, இங்க் எவ்வளவு' என்று ஓயாமல் விசாரிக்கின்றன. உங்களிடம் இரண்டு பிரிண்டர், இரண்டு பரிவாரம். ஒரே நேரத்தில் ஒரு பிரிண்டரை இரண்டு புரோகிராம்கள் பிடித்துக்கொண்டால் அச்சு வேலை நடுவில் தொங்கும். கடன் வாங்கிக் கடை வைத்தவரின் மிஷினில், கேட்காமல் இத்தனையை இறக்குவதைப் பிரிண்டர் கம்பெனிகள் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் டிரைவரை மட்டும் தனியாக, கண்ணில் படும்படி கொடுக்க வேண்டும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பக்கத்தில் பிரிண்டர் கம்பெனிகளின் பெயரில் இருப்பதையெல்லாம் 'டிசேபிள்' செய்யுங்கள். எதையும் அழிக்கவில்லை, தானாக எழுவதை மட்டும் தடுக்கிறோம். வேண்டும் என்றால் திரும்ப 'எனேபிள்' செய்துவிடலாம். ரீஸ்டார்ட் செய்து ஒரு நாள் கடை நடத்திப் பாருங்கள். அச்சும் ஸ்கேனும் ஓடுகின்றன, ஹேங் இல்லை என்றால், கன்ட்ரோல் பேனலில் அந்த உபரிகளை அன்இன்ஸ்டால் செய்துவிடலாம். இங்க் எவ்வளவு இருக்கிறது என்பது டேங்க்கைப் பார்த்தாலே தெரிகிறது. ஸ்கேன் செய்ய, ஸ்கேனர் டிரைவர் இருந்தால் விண்டோஸின் சொந்த ஸ்கேன் வசதியே போதும். அடுத்த முறை பிரிண்டர் சாஃப்ட்வேர் போடும்போது 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, டிரைவர் தவிர மற்ற டிக்குகளை எடுத்துவிடுங்கள்.

அச்சு வேலைகளை வரிசையில் வைத்துப் பிரிண்டருக்கு அனுப்பும் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்ற சர்வீஸை மட்டும் நிரந்தரமாக நிறுத்தாதீர்கள். 2021 ஜூலையில் ஸ்பூலரில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தபோது, அதை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். அதற்கு மைக்ரோசாஃப்ட் அந்த மாதமே திருத்தம் கொடுத்துவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய அறிவுரை இன்னும் வாய்வழியாகச் சுற்றுகிறது. அதை நிறுத்தினால் உங்கள் கடையில் ஒரு தாள்கூட அச்சாகாது.

பேஜ்மேக்கர் விஷயம் கொஞ்சம் தனி. தமிழ்நாட்டில் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் கடைகள் பழைய தமிழ் எழுத்துருக்களுக்காக அதை விடாமல் வைத்திருப்பது எனக்குத் தெரியும். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அது 32-பிட் புரோகிராம். உங்கள் விண்டோஸும் பிரிண்டர் டிரைவரும் 64-பிட். இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியாது என்பதால் 'எஸ்பிஎல்வாவ்64' என்ற சின்னப் புரோகிராமை விண்டோஸ் இடையில் நிறுத்தி வைக்கிறது. அந்த இடைத்தரகர் மாட்டிக்கொண்டால் பேஜ்மேக்கரும் மாட்டிக்கொள்ளும்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, கண்ணாலேயே பார்க்கலாம். பேஜ்மேக்கர் நிற்கும்போது டாஸ்க் மேனேஜரில் 'டீடெய்ல்ஸ்' பக்கத்துக்குப் போய், அதன் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து 'அனலைஸ் வெயிட் செயின்' என்பதைக் கொடுங்கள். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஒரு சங்கிலி வரும். அதன் நுனியில் எஸ்பிஎல்வாவ்64 இருந்தால் அதை மட்டும் தேர்ந்து 'எண்ட் பிராசஸ்' கொடுங்கள். அந்த அச்சு வேலை போகும், ஆனால் பல நேரம் பேஜ்மேக்கர் விடுபடும், செய்த பத்திரிகையை சேவ் செய்துவிடலாம். நுனியில் 'நெட்வொர்க்' என்று வந்தால் மேலே சொன்ன ஐபி எண் சிக்கல். பிரிண்டர் கம்பெனியின் புரோகிராம் வந்தால் எதை அன்இன்ஸ்டால் செய்வது என்பதில் சந்தேகமே இல்லை. பழுது பார்க்க வருகிறவர்களில் பலர் இந்த வசதியைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம்.

பேஜ்மேக்கரிலிருந்து பிடிஎஃப் எடுத்து, அதை அக்ரோபேட்டிலோ பிரவுசரிலோ திறந்து அச்சடிப்பது இன்னும் பத்திரமான வழி.

பாஸ்போர்ட் போட்டோ அச்சடிக்கும்போது ஸ்பூலர் திணறுவதற்கு வேறு காரணமும் உண்டு. ஒரு ஏ4 தாளை 600 டிபிஐ கலரில் முழுப் படமாக மாற்றினால் சுமார் 3.5 கோடி புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால், சுருக்காமல் வைத்தால் 100 எம்பிக்கு மேல். விலை குறைந்த பல பிரிண்டர்களில் இந்த மாற்றும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்கிறது. பத்துத் தாள் கொடுத்துவிட்டு, வரவில்லையே என்று திரும்பத் திரும்ப பிரிண்ட் பொத்தானை அழுத்தினால் நிலைமை என்னவாகும் என்று பாருங்கள். பிரிண்டர் பிராப்பர்ட்டீஸின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'கீப் பிரிண்டட் டாக்குமெண்ட்ஸ்' டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் அச்சாகி முடிந்ததும் கோப்புகள் டிஸ்க்கிலேயே தங்கிவிடும்.

வரிசையில் ஒரு வேலை சிக்கி, 'டிலீட்டிங்' என்று காட்டிக்கொண்டே போகாமல் நின்றால் இப்படிச் செய்யுங்கள். ஸ்டார்ட் தேடலில் 'சர்வீசஸ்' என்று தட்டி, பிரிண்ட் ஸ்பூலரை 'ஸ்டாப்' செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டர், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். அந்தக் கடைசி ஃபோல்டருக்கு உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அழிக்காதீர்கள். பிறகு ஸ்பூலரை 'ஸ்டார்ட்' செய்யுங்கள். காத்திருந்த எல்லா வேலைகளும் போய்விடும், மறுபடி கொடுக்க வேண்டும். 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பகுதியில் கலர் பிரிண்டரின் பெயர் 'காப்பி 1' என்று இரண்டாவதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். யுஎஸ்பி கேபிளை வேறு துளையில் மாற்றிச் செருகினால் அப்படி ஒன்று உருவாவதுண்டு. பழையதற்குப் போகும் வேலைகள் எங்கும் போகாமல் அடைத்துக்கொள்ளும். இரண்டில் ஓடாததை நீக்கிவிட்டு, கேபிளை இனி ஒரே துளையில் வைத்திருங்கள்.

எல்லாப் பழியையும் பிரிண்டர் மேல் போடவும் கூடாது. 2021 மார்ச்சில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட்டால், பிரிண்ட் கொடுத்ததும் நீலத் திரை வந்து கம்ப்யூட்டர் விழுந்தது. ஒரு வாரத்துக்குள் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. பிரிண்டர்களில் எந்தக் கோளாறும் இல்லை. அதனால் எது எப்போது தொடங்கியது என்று பார்ப்பது முக்கியம். ஸ்டார்ட் தேடலில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால், நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும். எந்த நாளில் எந்தப் புரோகிராம் நின்றது என்று சிவப்புக் குறியும், அதே நாளில் என்ன இன்ஸ்டால் ஆனது என்ற விவரமும் பக்கத்து பக்கத்தில் இருக்கும். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒன்று போதும்.

வரிசை இதுதான்: இன்று டிஃபால்ட் பிரிண்டரை மாற்றுங்கள், நாளை ஸ்டார்ட்அப்பைச் சுத்தம் செய்யுங்கள், கூட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஐபி எண்ணை நிலைப்படுத்துங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும். இவ்வளவுக்குப் பிறகும் ஹேங் ஆனால், அந்த நேரத்து வெயிட் செயினையும் ரிலையபிலிட்டி வரைபடத்தையும் மொபைலில் படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்க்காமல் யார் சொன்னாலும் மதர்போர்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.