ஊதியம் பெற்றுக் கற்கும் செவிலியர்

முன்னுரை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. நாடித்துடிப்பை எண்ணும் முறையை நூலில் படித்துவிடலாம். ஆனால் காய்ச்சலில் துவளும் ஒரு நோயாளியின் கையைப் பற்றி எண்ணிப் பழகினாலன்றி அது நமக்குக் கைவராது. ஆகவேதான் செவிலியர் பயிற்சியில் வகுப்பறைக்கு ஈடாக வார்டும் இடம்பெறுகிறது.

நம்முள் பலருக்கு நர்ஸ் ஆகவேண்டும் என்ற ஆவல் உண்டு; அதற்கேற்ற மதிப்பெண்ணும் உண்டு; கட்டணம் கட்டத்தான் வழியில்லை. கற்கும் காலத்திலேயே ஊதியமும் கிடைத்தால் எவ்வளவு நலம் என்று நம் பெற்றோர் எண்ணுவது இயல்பே. இவ்வெண்ணத்தை இங்கிலாந்து நாடு நெடுங்காலம் செயற்படுத்திப் பார்த்து, இடையில் கைவிட்டு, மீண்டும் கைக்கொண்டது. அவ்வரலாற்றில் நாம் அறியவேண்டிய பாடம் ஒன்று உண்டு.

ஆண்டுக்குப் பத்துப் பவுன்

1854-இல் கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களைப் பேண பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 பெண்களுடன் புறப்பட்டார். அவர்களுள் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அம்மையாரின் தொண்டைப் பாராட்டி மக்கள் ஏறத்தாழ 44,000 பவுன் நிதி திரட்டினர். அந்நிதியைக் கொண்டு 1860-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது.

அங்கே பயிற்சிக்காலம் ஓராண்டு. உணவு, உறைவிடம், சீருடை யாவும் இலவசம். கைச்செலவுக்கு ஆண்டுக்கு 10 பவுனும் தரப்பட்டது. பயிற்சி முடிந்தபின் சில ஆண்டுகள் நிதிக்குழுவினர் காட்டும் மருத்துவமனையில் பணிபுரிய உடன்படவேண்டும். தலைமைச் செவிலியர் ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் மாதந்தோறும் பதிவேட்டில் குறித்துவந்தார். காலம் தவறாமை, அமைதி, நம்பகம், தூய்மை ஆகியவை அதில் இருந்த சில தலைப்புகள். எளிய குடும்பத்துப் பெண்களும் மதிப்புடன் பிழைக்க இப்பள்ளி வழி திறந்தது.

மாணவியா? வேலையாளா?

ஆனால் காலப்போக்கில் ஓர் இடர் தோன்றியது. குறைந்த ஊதியத்தில் இளம்பெண்கள் கிடைப்பதால் மருத்துவமனைகள் அவர்களைக் கொண்டே வார்டுகளை நடத்தலாயின. இருபதாம் நூற்றாண்டில் பயிற்சி பெரும்பாலும் மூன்றாண்டு ஆயிற்று, ஊதியமும் கிடைத்தது. எனினும் மாணவி அன்றைய பணியாளர் கணக்கில் ஒருத்தியாகச் சேர்க்கப்பட்டாள். வார்டில் ஆள் குறைந்தால் அவள்தான் ஈடுகட்ட வேண்டும். இரவுப்பணி முடித்துத் தூக்கக் கண்களோடு வகுப்பில் அமர்ந்தவள் எதைக் கற்பாள்? அவள் அன்று என்ன கற்கவேண்டும் என்பதைப் பாடத்திட்டம் முடிவு செய்யவில்லை. வார்டின் தேவையே முடிவு செய்தது.

இக்குறையை நீக்க 1986-இல் ‘புராஜெக்ட் 2000’ என்னும் திட்டம் முன்வைக்கப்பட்டு, 1989 முதல் நடைமுறைக்கு வந்தது. மாணவி வார்டின் பணியாளர் கணக்கில் சேராதவள் என்பது அதன் முக்கிய விதி. கல்வி கல்லூரிக்கு மாறிற்று. ஊதியம் நின்று உதவித்தொகை வந்தது. பின்னர் 2017-இல் புதிய மாணவியருக்கு அவ்வுதவித்தொகையையும் இங்கிலாந்து அரசு நிறுத்தி, கடன் பெற்றுப் படிக்கச் சொன்னது. விண்ணப்பங்கள் குறைந்தன. பிள்ளைகளையுடைய தாய்மார்களும் வயதில் மூத்தவர்களும் கடன் சுமைக்கு அஞ்சினர். 2020-இல் ஆண்டுக்கு 5,000 பவுனிலிருந்து தொடங்கும் மானியம் ஏற்படுத்தப்பட்டது.

புதிய தொழில் பழகுநர் முறை

அதே 2017-இல் செவிலியர் பட்டத்திற்குத் தொழில் பழகுநர் முறையும் தொடங்கியது. பெரும்பாலும் மருத்துவமனையில் உதவியாளராக ஏற்கெனவே பணிபுரிவோரே இதில் சேர்கின்றனர். மருத்துவமனை ஊதியம் தருகிறது. மாணவி கல்விக்கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. பல்வேறு தொழில்களின் பழகுநர் பயிற்சிக்குமாக அவ்வாண்டு ஏப்ரல் முதல், ஊதியச் செலவு ஆண்டுக்கு 30 இலட்சம் பவுனுக்கு மேற்பட்ட நிறுவனங்களிடம் அரை விழுக்காடு தீர்வை வாங்கப்பட்டது. படிப்பு பெரும்பாலும் நான்கு ஆண்டு. 2018-இல் செவிலியர் குழுமம் வகுத்த விதிப்படி 4,600 மணி நேரம் கற்கவேண்டும். பாதி பாடம், பாதி செய்முறை. செய்முறைப் பயிற்சி நேரத்தில் அவளை வார்டின் பணியாளராகக் கணக்கிடக்கூடாது. ஊதியமும் உண்டு, கற்கும் உரிமையும் உண்டு என்பதே இதன் சிறப்பு.

நேரே பட்டம் என்றால் மலைப்போருக்கு இரண்டாண்டில் ‘நர்சிங் அசோசியேட்’ என்னும் படியும் உண்டு. அதற்கான பதிவேடு 2019 சனவரியில் திறக்கப்பட்டது. அதிலிருந்து மேலே படித்து நர்ஸ் ஆகலாம். மகப்பேறு, இயன்முறை மருத்துவம், கதிர்ப்படம் எடுத்தல், ஆம்புலன்ஸ் சிகிச்சை ஆகிய துறைகளிலும் இம்முறை பரவியுள்ளது.

குறைகளும் உள. அவள் கல்லூரிக்குச் செல்லும் நாளில் அவளிடத்தில் வேறொருவரை அமர்த்த மருத்துவமனை தன் பணத்தையே செலவிட வேண்டும். தீர்வைப் பணத்தை அதற்குத் தொடலாகாது. ஆதலால் எல்லா மருத்துவமனைகளும் பலரைச் சேர்க்க இயலுவதில்லை. பகலெல்லாம் பணிசெய்து இரவில் கட்டுரை எழுதுவதும் எளிதன்று.

பெற்றோர் ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். இது அந்நாட்டில் வாழவும் பணிபுரியவும் உரிமை பெற்றோருக்கான வழி. பிளஸ் டூ முடித்து இங்கிருந்து நேரே சென்று சேரும் படிப்பன்று. அவ்வாறு சேர்த்துவிடுவதாகக் கூறிப் பணம் கேட்போரை நம்பலாகாது.

முடிவுரை

எந்நாட்டிலாயினும் ஊதியத்துடன் பயிற்சி என்று யாரேனும் அழைத்தால் நாம் நான்கு கேள்விகள் கேட்போம். ஊதியம் எவ்வளவு, தருபவர் யார்? வகுப்புக்கான நேரம் எழுத்தில் உறுதி செய்யப்பட்டுள்ளதா? முடிவில் பெறும் சான்றிதழைச் செவிலியர் பதிவேட்டில் ஏற்பார்களா? இடையில் விலக நேர்ந்தால் பணம் திருப்பித் தரவேண்டுமா? நல்ல நிறுவனம் இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ளாது விடை கூறும்.

நாளை நம் கையில் ஓர் உயிர் ஒப்படைக்கப்படும். அன்று தடுமாறாமல் இருக்க இன்று முறையாகக் கற்பதே வழி. வறுமை காரணமாக அந்த ஆவலைக் கைவிட வேண்டாம்; பணம் வருகிறது என்பதற்காகக் கல்வியைக் குறைத்துக்கொள்ளவும் வேண்டாம், தோழியரே!